மலைகளை வென்றவர் கொசுவிடம் தோற்றார்: சைக்கிள் வீரர் கோப்பியின் வாழ்க்கை

ஈப்போவில் கோப்பி என்றதும் பழைய நகரின் கடைகளும் வெள்ளைக் கோப்பியின் மணமும்தான் நம் நினைவுக்கு வரும். இத்தாலியில் அது ஒரு குடும்பப் பெயர். அங்கே அந்தப் பெயரைச் சொன்னால், இறந்து 60 ஆண்டுகளுக்கு மேலாகியும், எல்லாரும் ஒரே ஒரு மனிதரைத்தான் நினைப்பார்கள். அவர் சைக்கிளோட்ட வீரர் ஃபவுஸ்தோ கோப்பி.

தொழில்முறை சைக்கிளோட்டத்துக்கும் விதைப்புக் காலம், அறுவடைக் காலம் என்று உண்டு. ஆண்டின் தொடக்கத்தில், ஐரோப்பாவில் குளிர் விலகும் வேளையில், பந்தயங்கள் ஆரம்பமாகும். மார்ச் மாதத்தில் இத்தாலியில் நடக்கும், கடற்கரை ஊரான சான் ரெமோவில் முடியும் மிலான் – சான் ரெமோ பந்தயம்தான் அந்தத் தொடக்கக் காலத்தின் பெருவிழா. 1907இல் ஆரம்பித்த அந்தப் பந்தயத்தை இத்தாலியர்கள் வசந்தம் என்றே செல்லமாக அழைக்கிறார்கள். நம் நாட்டின் லங்காவி சைக்கிளோட்டமும் 1996இல் தொடங்கிய பின் பல ஆண்டுகள் பிப்ரவரி மாதத்தையொட்டி நடந்து, உலக வீரர்களின் கால்களைச் சூடேற்றும் பந்தயமாக இருந்தது. கேமரன் மலையில் அவர்கள் மூச்சுவாங்க ஏறியதைச் சாலையோரம் நின்று பார்த்தவர்கள் நம்மில் உண்டு.

வீரர்களின் பெயர்கள் ஆண்டுதோறும் மாறுகின்றன. ஆனால் தொடக்கக் காலப் பந்தயங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்குக் கோப்பியின் நினைவுதான் முதலில் வரும். அவர் ஓடிய வேகம் அதற்கு ஒரு காரணம். அவர் இறந்த விதம் இன்னொரு காரணம். அந்த மரணத்தை நம் தோட்டத்து மக்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் உலகில் குறைவு.

இறைச்சிக் கடைப் பையன்

கோப்பி 1919 செப்டம்பர் 15ஆம் தேதி, வடக்கு இத்தாலியின் பியெமோந்தே பகுதியில் கஸ்தெல்லானியா என்ற சிறு மலைக் கிராமத்தில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் நான்காமவர். விவசாயக் குடும்பம். சத்தான உணவுக்கு வழியில்லை. மெலிந்த உடம்பு, நீண்ட கால்கள், கூடுபோல் முன்தள்ளிய நெஞ்சு. எலும்புகள் எளிதில் முறியும். பிற்காலத்தில் அவர் விழுந்து எலும்பு முறித்துக்கொண்ட தடவைகள் பல. அதற்கு வித்திட்டது அந்தப் பிள்ளைப் பருவத்து வறுமைதான்.

வீட்டில் கிடந்த ஒரு பழைய சைக்கிளின் மீது அவருக்குப் பித்து. அதை ஓட்டுவதற்காகப் பள்ளிக்கு மட்டம் போட்டார். அகப்பட்டபோது, சைக்கிளோட்டப் போகாமல் பள்ளியில் இருக்க வேண்டும் என்று நூறு தடவை எழுதும்படி ஆசிரியர் தண்டனை கொடுத்தாராம். 13 வயதில் படிப்பு நின்றது. நோவி லிகூரே என்ற ஊரில் இறைச்சிக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். வீடு வீடாகச் சைக்கிளில் இறைச்சி கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. மேடும் பள்ளமுமான அந்தப் பாதைகளே அவருக்குப் பயிற்சிக் களமாயின.

அவருக்கு வழி திறந்தவர்கள் இருவர். கப்பல் தலைவராக இருந்த சிற்றப்பா ஒருவர், நல்ல சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார். மற்றவர் பியாஜியோ கவன்னா. முன்னாள் குத்துச்சண்டைக்காரர், பார்வை இழந்த பின் வீரர்களின் உடம்பைப் பிடித்துவிடும் தொழில் செய்தவர். நம் நாட்டு வைத்தியர் நாடியைத் தொட்டு உடம்பின் கதையைச் சொல்வதுபோல, கவன்னா தசைகளைத் தொட்டே ஓட்டக்காரனின் எதிர்காலத்தைச் சொல்லிவிடுவார். இந்த ஒல்லிப் பையனின் கால்களையும் நெஞ்சையும் தடவிப் பார்த்தவர், இவன் சாதாரணமானவன் அல்ல என்று கண்டுகொண்டார். எப்படிச் சாப்பிடுவது, எப்போது தூங்குவது, எப்படிப் பயிற்சி செய்வது என்று எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தார். கண் தெரியாத மனிதர் ஒருவரே அவரை முதலில் கண்டுபிடித்தார் என்பது இந்தக் கதையின் அழகுகளில் ஒன்று.

தலைவனுக்குத் துணையாகப் போனவன்

1940ஆம் ஆண்டு இத்தாலிச் சுற்றுப் பந்தயத்துக்குக் கோப்பி அழைத்துச் செல்லப்பட்டார். வெற்றி பெறுவதற்காக அல்ல. ஜீனோ பர்த்தாலி என்ற பெரிய வீரருக்குத் தண்ணீர் கொண்டுவரவும், எதிர்க்காற்றில் அவருக்கு முன்னால் ஓடி மறைப்புக் கொடுக்கவும். சைக்கிளோட்டம் பார்ப்பதற்குத் தனி மனிதரின் போட்டிபோல் இருந்தாலும், உள்ளே கூட்டு வேலை. ஒருவர் வெல்வதற்காக மற்றவர்கள் தங்கள் பலத்தைக் கொடுக்க வேண்டும்.

பந்தயத்தின் தொடக்கத்திலேயே பர்த்தாலியின் சைக்கிளில் ஒரு நாய் குறுக்கிட, அவர் விழுந்து காயமடைந்தார். துணைக்கு வந்த இளைஞனுக்கு வழி விடப்பட்டது. ஜூன் 9ஆம் தேதி பந்தயம் முடிந்தபோது, 20 வயதுக் கோப்பிதான் வெற்றியாளர். அதற்கு மறுநாளே இத்தாலி இரண்டாம் உலகப் போரில் இறங்கியது.

1942 நவம்பர் 7ஆம் தேதி, குண்டுவீச்சுக்கு அஞ்சிக்கொண்டிருந்த மிலான் நகரின் ஓடுகளத்தில் அவர் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கும் மேல் தனியாக ஓட்டி உலகச் சாதனை படைத்தார். அந்தச் சாதனை 1956 வரை நிலைத்தது. ஆனால் சாதனைக்காரருக்குச் சலுகை கிடைக்கவில்லை. 1943இல் அவர் வட ஆப்பிரிக்கப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். ஏப்ரல் மாதம் துனிசியாவில் பிரிட்டிஷ் படையிடம் சிறைப்பட்டார். அடுத்த ஈராண்டுகள் போர்க்கைதி வாழ்க்கைதான்.

அதே போர்க்காலத்தில் நம் மாநிலத்திலும் சைக்கிள் வேறு ஒரு வேலை செய்தது. 1941 டிசம்பரில் வடக்கிலிருந்து இறங்கிய ஜப்பானியப் படையின் பெரும் பகுதி சைக்கிளில்தான் வந்தது. டயர் வெடித்தால் வெறும் சக்கரத்திலேயே ஓட்டிக்கொண்டு ஈப்போவைக் கடந்து கம்பார் வரை வந்தார்கள். பிறகு நம்மவர் பலர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே அவர்களைக் கொன்றவற்றில் பசியும் காலராவும் இருந்தன, மலேரியாவும் இருந்தது. அந்த மலேரியா இந்தக் கதையில் திரும்ப வரப்போகிறது.

பதினான்கு நிமிட இடைவெளி

போர் முடியும் தறுவாயில் விடுதலையான கோப்பி, இடிந்துபோன நாட்டின் ஊடே தெற்கிலிருந்து வடக்கே வீடு திரும்பினார். அந்தப் பயணத்தில் பெரும் பகுதி சைக்கிளில்தான். 1945இல் புரூனா என்ற பெண்ணை மணந்தார்.

1946 மார்ச் 19ஆம் தேதி. போரினால் 1944, 1945 ஆகிய இரண்டு ஆண்டுகளும் நின்றுபோன மிலான் – சான் ரெமோ பந்தயம் மீண்டும் நடந்தது. பாலங்கள் உடைந்து, சாலைகள் குண்டும் குழியுமாக இருந்த காலம். மக்களிடம் உணவுக்கே தட்டுப்பாடு. ஆனாலும் பந்தயம் பார்க்கச் சாலையோரம் கூடினார்கள். நாடு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அவர்களுக்கு யாராவது காட்ட வேண்டியிருந்தது.

பந்தய தூரம் ஏறக்குறைய 290 கிலோமீட்டர். இத்தனை நீண்ட ஓட்டத்தில் தொடக்கத்திலேயே முன்னே பாய்வது புத்திசாலித்தனம் அல்ல என்பது விவரம் தெரிந்தவர்களின் எண்ணம். முன்னே போகிறவர் காற்றை எதிர்த்து ஓட வேண்டும். பின்னால் கூட்டமாக வருகிறவர்களுக்குப் பாதிப் பாடு மிச்சம். ஆகவே பெரிய வீரர்கள் காத்திருப்பார்கள். கோப்பி காத்திருக்கவில்லை. மிலானைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே சிறு கூட்டமொன்றுடன் முன்னே போனார். பாதித் தூரத்தில் துர்க்கீனோ என்ற மலைக் கணவாய் வந்தது. ஏற்றத்தில் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கடைசிவரை பிடித்துக்கொண்டு வந்த பிரெஞ்சுக்காரர் தெய்செய்ரும் பின்தங்கினார்.

அந்தக் கணவாயின் உச்சியில் ஓர் இருண்ட சுரங்கப்பாதை உண்டு. இந்தப் பக்கம் குளிர்கால மூடுபனி. அந்தப் பக்கம் இறங்கினால் கடலும் வெயிலும். கோப்பி அந்த இருட்டிலிருந்து தனியாக வெளியே வந்தார். அங்கிருந்து சான் ரெமோ வரை ஏறக்குறைய 145 கிலோமீட்டர். ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த் போகும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவையும் அவர் ஒற்றை ஆளாக ஓட்டி முடித்தார். இரண்டாவதாக வந்த தெய்செய்ருக்கும் அவருக்கும் இடைவெளி 14 நிமிடம். அடுத்தவர் வரும்வரை சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் வானொலியில் இசையைப் போட்டார்கள் என்று இத்தாலியர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அதே பந்தயத்தை 1948லும் 1949லும் அவர் மீண்டும் வென்றார். ஆனால் 1946தான் மக்கள் மனத்தில் நின்றது. போரில் தோற்று, பிளவுபட்டு, வெட்கித் தலைகுனிந்திருந்த ஒரு நாடு, தன் மகன் ஒருவன் இருட்டுச் சுரங்கத்திலிருந்து வெளிச்சத்துக்கு வருவதைக் கண்டது. விளையாட்டு சில வேளைகளில் செய்யும் பெரிய வேலை இதுதான்.

இன்றைய மிலான் – சான் ரெமோவைப் பார்க்கும்போது எனக்கு ஒரு குறை உண்டு. பெரும்பாலான ஆண்டுகளில், பல மணி நேரம் எல்லாரும் கூட்டமாகவே வந்து, கடைசிப் பத்துக் கிலோமீட்டரில்தான் பந்தயம் சூடுபிடிக்கிறது. கணக்குப் போட்டு ஓடுவது தவறில்லை. ஆனாலும் பாதி வழியிலேயே போகத் துணிந்தவரின் கதையைக் கேட்டு வளர்ந்த ரசிகனுக்கு அந்தக் காத்திருப்பு கொஞ்சம் சலிப்புத்தான்.

இரண்டு பேர், இரண்டு கட்சிகள்

அடுத்த சில ஆண்டுகள் கோப்பியின் காலம். இத்தாலிச் சுற்றை மொத்தம் 5 தடவை வென்றார்: 1940, 1947, 1949, 1952, 1953. பிரான்சுச் சுற்றை 1949லும் 1952லும் வென்றார். இரண்டு சுற்றுகளையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் மனிதர் அவர்தான். அதை இரண்டு தடவை செய்து காட்டினார். ஆண்டு இறுதியில் இலையுதிர்காலத்தில் நடக்கும் லொம்பார்தியா பந்தயத்தில் 5 வெற்றிகள். 1950இல் கற்சாலைகளுக்குப் பேர்போன பாரிஸ் – ரூபே. 1953இல் உலக வெற்றியாளர் பட்டம்.

இவற்றில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்லலாம். 1949 இத்தாலிச் சுற்றில், கூனியோவிலிருந்து பினெரோலோ வரை ஐந்து மலைக் கணவாய்கள் கொண்ட ஒரு நாள். முதல் மலையிலேயே கோப்பி தனியாகப் போனார். 192 கிலோமீட்டர் தனி ஓட்டம். ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் தூரத்துக்கு ஏறத்தாழ அவ்வளவுதான். ஆனால் நடுவில் 2,000 மீட்டரைத் தாண்டும் மலைகளும் இருந்தன. தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறினாலே நாம் 1,450 மீட்டர் உயரத்தைத்தான் தொடுகிறோம். அன்று இரண்டாவதாக வந்தவர் பர்த்தாலி. பின்தங்கிய நேரம் ஏறக்குறைய 12 நிமிடம்.

ஆம், அதே பர்த்தாலிதான். தண்ணீர் கொண்டுவர வந்த பையன் தலைவரையே மிஞ்சிவிட்டான். ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் எம்ஜிஆர் ரசிகர், சிவாஜி ரசிகர் என்று வீட்டுக்கு வீடு கட்சி பிரிந்திருந்ததை நினைத்துப் பாருங்கள். இத்தாலி முழுவதும் அப்படித்தான் கோப்பி கட்சி, பர்த்தாலி கட்சி என்று பிரிந்து நின்றது. பர்த்தாலி மூத்தவர், பக்திமான், பழைய வழக்கங்களைப் போற்றியவர். கோப்பி புதுமைக்காரர், உணவு, பயிற்சி, அணி வேலை எல்லாவற்றையும் கணக்கிட்டுச் செய்தவர். ஆயினும் 1952 பிரான்சுச் சுற்றில், மலையேற்றத்தின் நடுவே ஒருவர் மற்றவருக்குத் தண்ணீர்ப் புட்டியை நீட்டும் புகைப்படம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று இரு கட்சியினரும் இன்றும் வாதாடுகிறார்கள்.

ரசிகன் என்பதற்காக ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் வீரர்கள் ஊக்க மாத்திரைகள் சாப்பிட்டார்கள். அப்போது அதற்குத் தடை இல்லை. கோப்பியும் அதை உபயோகித்ததாக ஒப்புக்கொண்டவர்தான். அவரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. குறையும் நிறையும் கொண்ட மனிதராகவே அவர் நமக்குப் போதும்.

வெற்றிக்குப் பின்னால் வீட்டுத் துயரம்

கோப்பிக்கு செர்ஸே என்று ஒரு தம்பி. அவரும் சைக்கிளோட்ட வீரர். அண்ணனுக்கு நேர்மாறாகக் கலகலப்பானவர். வாடிப்போகும் அண்ணனைச் சிரிக்க வைப்பவர். 1951 ஜூன் மாதம் தூரின் நகரில் ஒரு பந்தயத்தின் முடிவில், டிராம் தண்டவாளத்தில் சக்கரம் சிக்கிக் கீழே விழுந்தார். எழுந்து ஹோட்டலுக்குக்கூடத் திரும்பினார். சில மணி நேரத்தில் மூளையில் இரத்தம் கசிந்து இறந்துபோனார்.

தம்பியைப் புதைத்த சில நாட்களில் பிரான்சுச் சுற்று தொடங்கியது. கோப்பி போனார். ஓட்டத்தின் நடுவே உடம்பும் மனமும் ஒத்துழைக்காமல் சாலையோரம் தவித்தார். ஆனாலும் விலகாமல் முடித்து பத்தாவதாக வந்தார். அடுத்த ஆண்டு அதே பந்தயத்தை 28 நிமிடத்துக்கும் மேற்பட்ட இடைவெளியில் வென்றார். தோற்ற ஆண்டில் விலகாமல் இருந்ததைத்தான் நான் அந்த வெற்றியைவிட உயர்வாக மதிக்கிறேன்.

பிறகு அவரது சொந்த வாழ்க்கை ஊர்ப்பேச்சானது. ஒரு மருத்துவரின் மனைவியான ஜூலியா ஓக்கினியுடன் அவருக்குக் காதல் ஏற்பட்டது. இருவரும் தத்தம் குடும்பத்தை விட்டுவிட்டு ஒன்றாக வாழ்ந்தார்கள். அப்போதைய இத்தாலியில் விவாகரத்து கிடையாது. திருமணத்துக்கு வெளியே உறவு கொள்வது குற்றம். ஜூலியா சில நாட்கள் சிறையில் வைக்கப்பட்டார். கோப்பியின் கடப்பிதழ் பறிக்கப்பட்டது. 1955இல் நீதிமன்றம் இருவருக்கும் சில மாதத் தண்டனை விதித்து நிறுத்திவைத்தது. பிறக்கும் மகனுக்குத் தகப்பன் பெயர் கிடைக்க வேண்டும் என்பதற்காக அந்தக் குழந்தையை அர்ஜென்டினாவில் போய்ப் பெற்றெடுத்தார்கள். முதல் மனைவியும் மகள் மரினாவும் பட்ட வேதனையும் சிறியதல்ல. தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய மக்களில் பலர் தெருவில் அவரை ஏசினார்கள்.

வயது 40ஐத் தொட்டும் கோப்பி ஓட்டத்தை நிறுத்தவில்லை. கால்கள் பழையபடி இல்லை. பழைய எதிரி பர்த்தாலி ஒரு புது அணியின் பொறுப்பாளராகி, 1960 பந்தயக் காலத்துக்குக் கோப்பியைத் தம் அணியில் சேர்த்துக்கொண்டார். இருவரும் மீண்டும் ஒரே அணியில். இருபது ஆண்டுக் கதை நல்லபடியாக முடியும்போல் இருந்தது.

ஆப்பிரிக்காவில் சில இரவுகள்

1959 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்காவின் மேல் வோல்டா நாட்டிலிருந்து அழைப்பு வந்தது. இன்று அதன் பெயர் புர்கினா பாசோ. உள்ளூர் வீரர்களுடன் ஒரு காட்சிப் பந்தயம், அதன்பின் வேட்டை. பிரெஞ்சு வீரர்களான ஜாக் ஆங்க்தில், ரஃபாயேல் ஜெமினியானி முதலியோருடன் கோப்பியும் போனார். டிசம்பர் 13ஆம் தேதி வாகடூகு நகரில் பந்தயம் நடந்தது. கோப்பியும் ஜெமினியானியும் ஒரே அறையில் தங்கினார்கள். இரவெல்லாம் கொசுக்கடி.

இருவரும் ஊர் திரும்பிய பின் இருவருக்கும் காய்ச்சல் கண்டது. உடம்பு தூக்கிப் போடும் குளிர், பிறகு கொதிக்கும் சூடு, வாந்தி. பிரான்சில் ஜெமினியானி நினைவிழந்து கிடந்தார். அவரது இரத்தத்தைப் பாரிசிலுள்ள பாஸ்டர் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தபோது, மலேரியாவிலேயே மிகக் கொடிய வகையான ஃபால்சிபாரம் கிருமி தெரிந்தது. உடனே கொயினா கொடுத்தார்கள். அவர் பிழைத்தார்.

இத்தாலியில் கோப்பியைப் பார்த்த மருத்துவர்கள் அது சளிக்காய்ச்சல், நுரையீரல் பாதிப்பு என்று எண்ணி, அதற்கான மருந்துகளைக் கொடுத்தார்கள். ஜெமினியானியின் குடும்பத்தார் தொலைபேசியில் கூப்பிட்டு, இங்கே இருப்பது மலேரியா, அங்கேயும் அதுவாகத்தான் இருக்கும் என்று சொன்னார்கள். கேட்கப்படவில்லை. உங்கள் நோயாளியை நீங்கள் பாருங்கள், எங்கள் நோயாளியை நாங்கள் பார்க்கிறோம் என்ற பாணியில்தான் பதில் போனதாம்.

1960 ஜனவரி 2ஆம் தேதி காலை, தொர்த்தோனா மருத்துவமனையில் கோப்பி இறந்தார். வயது 40. கஸ்தெல்லானியாவின் மலைச்சரிவில், பல்லாயிரம் பேர் பார்த்திருக்க அவரை அடக்கம் செய்தார்கள். இன்று தம்பி செர்ஸேயின் அருகில் அவர் உறங்குகிறார். நினைவு திரும்பிய ஜெமினியானிக்கு, ஒரே அறையில் தூங்கிய நண்பர் இனி இல்லை என்ற செய்தி காத்திருந்தது. அந்த ஜெமினியானி 99 வயது வரை வாழ்ந்து 2024இல்தான் காலமானார். ஒரே கொசுக்கூட்டம் கடித்த இருவரில், ஒருவருக்கு 40, ஒருவருக்கு 99. இடையில் நின்ற வித்தியாசம் ஒரு துளி இரத்தப் பரிசோதனையும் சில வேளை கொயினாவும்தான்.

தோட்டத்து டிரஸருக்குத் தெரிந்த நோய்

இங்கேதான் அந்த இத்தாலியரின் கதை நம் லயத்து வாசலுக்கு வருகிறது.

1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ஒருசில கன்றுகளிலிருந்து பேராக்கின் ரப்பர் கதை தொடங்கியது. அப்போது அந்த மரத்தின் பாலுக்குப் பெரிய தேவை இல்லை. 1888இல் டன்லப் என்பவர் காற்றடைத்த சைக்கிள் டயரைச் செய்த பிறகுதான் ரப்பருக்கு மவுசு கூடியது. பின்னர் மோட்டார் வண்டிகள் வந்து அதைப் பன்மடங்காக்கின. உலகம் காற்றடைத்த சக்கரத்தில் ஓடுவதற்காக இங்கே காடுகள் அழிக்கப்பட்டன, நம் முன்னோர் கப்பலேறி வந்தார்கள்.

காட்டை அழித்ததும் நிழலில் ஓடிய மலையோடைகளில் வெயில் விழுந்தது. மலேரியாவைப் பரப்பும் ஒருவகைக் கொசுவுக்கு, வெயில் படும் தெளிந்த ஓடைநீர்தான் பிடித்த தொட்டில். ஆகவே குன்றும் ஓடையுமான தோட்டங்களில் குளிர்க்காய்ச்சல் நம்மவரைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. கொசுதான் மலேரியாவைக் கடத்துகிறது என்பதற்கான தடயத்தை 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ரோஸ் கண்டுபிடித்தார். 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மெல்கம் வாட்சன், சதுப்பை வடித்து, பிறகு தோட்டத்து ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் பதித்து மூடி, தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்து அந்த நோயை அடக்கும் வழியைக் காட்டினார்.

தோட்டத்தில் எண்ணெய் தெளிக்கும் ஆட்கள் கால்வாய் கால்வாயாக நடந்தார்கள். பெரட்டுக் களத்தில் கொயினா கொடுத்தார்கள். நாக்கெல்லாம் கசக்கும், காது இரையும். யாருக்காவது நடுக்கத்துடன் காய்ச்சல் என்றால், தோட்டத்து டிரஸர் முதலில் சந்தேகிப்பது மலேரியாவைத்தான். ஜப்பான்காரன் காலத்தில் கொயினா கிடைக்காமல் போனபோது அதன் அருமை இன்னும் நன்றாகப் புரிந்தது.

யோசித்துப் பாருங்கள். உலகமே கொண்டாடிய ஒரு வீரர், நல்ல மருத்துவர்கள் சூழ, வளர்ந்த நாட்டு மருத்துவமனையில், ஓர் எஸ்டேட் டிரஸர் சந்தேகித்திருக்கக்கூடிய நோயால் இறந்துபோனார். அந்த மருத்துவர்களுக்கு அறிவு இல்லை என்று சொல்ல முடியாது. இத்தாலியிலும் ஒரு காலத்தில் மலேரியா இருந்தது. அப்போதுதான் அதை அந்நாடு ஒழித்திருந்தது. குளிர்கால ஐரோப்பாவில் காய்ச்சல் என்றால் சளியும் நுரையீரலும்தான் மனத்தில் வரும். ஆனால் வெளியிலிருந்து தொலைபேசியில் வந்த ஒரு சொல்லைச் சோதித்துப் பார்த்திருக்கலாம். அதற்கு ஒரு துளி இரத்தமும் ஒரு நுண்ணோக்கியும் போதும். கேட்காமல் விட்டதுதான் குற்றம் என்பது என் கருத்து.

இது பழங்கதை மட்டும் அல்ல. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் நம் நாட்டில் உள்ளூரில் தொற்றவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி வகை மலேரியா இன்னும் இருக்கிறது. சபா, சரவாக்கில் அதிகம். தீபகற்பத்தின் காட்டோரங்களிலும் உண்டு. காட்டோரத் தோட்டத்தில் வேலை செய்பவர், மீன் பிடிக்க ஆற்றங்கரைக்குப் போனவர், மலையேறப் போன இளைஞர், ஊருக்கோ ஆப்பிரிக்காவுக்கோ போய் வந்தவர் என யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், எங்கே போயிருந்தோம் என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். இரத்தம் எடுத்து மலேரியாவுக்கும் பார்க்கச் சொல்வதில் வெட்கம் இல்லை.

மறுபடியும் மார்ச்

கோப்பி இறந்த அதே 1960இல், மிலான் – சான் ரெமோ பந்தயத்தின் கடைசியில் போஜியோ என்ற சிறு குன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். இன்று பந்தயத்தின் முடிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தக் குன்றுதான். கோப்பி அதில் பந்தயம் ஓட்டியதே இல்லை. ஆனால் வீரர்கள் இன்றும் துர்க்கீனோவை நோக்கி ஏறும்போது வர்ணனையாளர்கள் அவர் பெயரைச் சொல்லத் தவறுவதில்லை. 2019இல், அவர் பிறந்து நூறாண்டு ஆனபோது, அவரது கிராமம் தன் பெயரையே கஸ்தெல்லானியா கோப்பி என்று மாற்றிக்கொண்டது.

நம் தோட்டங்களிலும் சைக்கிள் ஓடியது. விடியும் முன் பால்வாளியைக் கட்டிக்கொண்டு, தலையில் விளக்கோடு நிரைக்குப் போனவர்கள் எந்தப் பந்தயத்திலும் பெயர் பதிக்கவில்லை. அவர்களில் குளிர்க்காய்ச்சலில் போனவர்களுக்கு ஊர்ப்பெயரும் இல்லை, சில இடங்களில் கல்லறையும் இல்லை. அந்தத் தோட்டங்களே இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடாகவும் மாறிவிட்டன. அடுத்த மார்ச்சில் அந்தப் பந்தயத்தைப் பார்க்க நேர்ந்தால், இருட்டுச் சுரங்கத்திலிருந்து தனியாக வெளிவந்த அந்த ஒல்லி மனிதரோடு, அதே நோயில் போன நம் பாட்டன்மார், பாட்டிமாரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.